ஹஜ்ரத்துக்காகத் தள்ளிவைத்த செமி ஃபைனல்

ஃபுட்பால் டோர்னமென்ட் நடத்துகிறவனுக்குப் பந்து உருளுகிற ஒன்றரை மணி நேரம்தான் ஓய்வு. அதற்கு முன்னும் பின்னும்தான் அவனுக்கு ஆட்டம். இப்போது டோர்னமென்ட் நடத்த வருகிற தம்பிகள் என்னிடம் யார் யாரோடு என்றைக்கு என்று ஃபிக்ஸ்சர் போடுவது எப்படி, வெளியூர் டீமை வரவழைப்பது எப்படி என்றெல்லாம் கேட்கிறார்கள். அதையெல்லாம் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். போட்ட ஆட்டத்தை நிறுத்துவது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் வருஷம் தவறாமல் ஒரு டோர்னமென்ட் நடந்தது. எங்கள் மில் முதலாளிதான் சேர்மன். மில்லின் டைம் ஆபீஸில் வேலை பார்த்த நான் செக்ரட்டரி. யார் எந்த ஷிஃப்ட், யார் லேட் என்று பார்ப்பது பகல் வேலை, ஃபிக்ஸ்சர் போடுவது மீதி வேலை. கேரளாவிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் டீம்கள் வரும். வருகிறவர்களுக்கெல்லாம் பந்துதான் பிழைப்பு. பந்துக்காகவே அரசாங்க உத்தியோகம் கிடைத்தவர்களும் உண்டு, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி ஆடுகிறவர்களும் உண்டு. டிக்கெட் வைத்துத்தான் ஆட்டம், கேலரி நிரம்பி வழியும்.

போன வருஷத்து வழக்கம்

நான் சொல்லப்போகும் சம்பவத்துக்கு முந்தின வருஷம், சத்தியமங்கலம் பக்கத்து மடம் ஒன்றின் சுவாமிகள் சமாதி அடைந்தார். எங்கள் சேர்மன் குடும்பத்துக்கு அவர்தான் குரு. அன்று சாயங்காலம் குவார்ட்டர் ஃபைனல். காலையில் சேர்மன் போன் செய்தார்.

"பழனிச்சாமி, சாமி போயிட்டாங்கப்பா. ஆட்டத்த நிறுத்திப்போடு."

நிறுத்தினோம். ரெண்டு நாள் கழித்து ஆட்டம் நடந்தபோது சென்டர் சர்க்கிளில் சுவாமிகள் படத்துக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, எல்லாரும் கும்பிட்ட பிறகுதான் விசில் ஊதினோம். ரூல் என்ன சொல்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பெரியவர் ஒருவர் போனால் நிறுத்துவதுதானே முறை.

கேட்காமல் வந்த ரெண்டு பேர்

மறு வருஷம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. உக்கடம் டீம் செமி ஃபைனலுக்கு வந்துவிட்டது. குளத்தோரம் கல்லும் முள்ளுமான மைதானத்தில் ஆடிப் பழகிய உள்ளூர்ப் பையன்கள். கேப்டன் ஜாபர் கிரைண்டர் கம்பெனியில் கல் பூட்டுகிறவன். கோல் கீப்பர் செந்தில் வெல்டிங் பட்டறையில் இருந்தான். எதிர் டீம் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு அரசுத் துறை டீம். காலையில் பிராக்டீஸ், மத்தியானம் ஆபீஸில் ஒரு கையெழுத்து, மறுபடி பிராக்டீஸ் என்று வாழ்கிறவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செமி ஃபைனல். உக்கடத்தில் அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜாபரும் செந்திலும் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். ரெண்டு பேர் முகமும் சரியில்லை.

"அண்ணா, எங்க ஹஜ்ரத் மௌத்தாயிட்டாருங்க," என்றான் ஜாபர். "வெடிகாலத் தொழுகைக்கு எந்திரிக்கவே இல்லீங்க."

உக்கடத்துப் பள்ளிவாசல் ஒன்றில் தொழவைக்கும் பெரியவர் அவர். சாயங்காலமானால் பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையோடு தாய்மார்கள் வரிசையாக நிற்பார்கள். எந்த மதம் என்று பார்ப்பதில்லை. தொழுதுவிட்டு வெளியே வருகிறவர் குழந்தையின் நெற்றியில் ஓதி ஊதிவிட்டுப் போவார். எங்கள் மில்லில் பாதிப் பேர் தங்கள் குழந்தைகளை அங்கே தூக்கிக்கொண்டு போனவர்கள்தான்.

"அசர் தொழுகை முடிஞ்சு அடக்கமுங்க," என்றான் ஜாபர். அந்தச் சாயங்காலத் தொழுகை நாலரை மணி வாக்கில் முடியும். எங்கள் கிக்-ஆஃபும் நாலரைக்குத்தான்.

"நாங்க வர முடியாதுங்கண்ணா. வாக்ஓவர் எழுதிக்குங்க. உங்ககிட்ட சொல்லாம இருந்தா மரியாத இல்லீங்களே, அதான் வந்தோம்."

செந்திலைப் பார்த்தேன். "நீயுமா?"

"எனக்குக் கொழந்தைல ஜன்னி வந்தப்ப ஓதி ஊதுனவருங்கண்ணா. நான் எங்கீங்க போறது?"

ஆட்டத்தைத் தள்ளிவையுங்கள் என்று ரெண்டு பேரில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரூல் பேசி அனுப்பியிருப்பேனோ என்னவோ. கேட்காமல் நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதல் தடவையாக செமி ஃபைனலுக்கு வந்தவர்கள், கிரவுண்டில் கால் வைக்காமலே தோற்றுப்போகிறோம் என்று சொல்ல பஸ் ஏறி வந்திருக்கிறார்கள்.

வாக்ஓவர் என்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு டீம் வராவிட்டால் வந்த டீம் மட்டும் கிரவுண்டில் இறங்கி வரிசையாக நிற்கும். ரெஃப்ரி விசில் ஊதுவார், கொஞ்ச நேரம் காத்திருப்பார், மறுபடி ஊதுவார். அவ்வளவுதான், ஜெயித்தாயிற்று. உலகத்திலேயே அசிங்கமான ஜெயிப்பு அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

"நீங்க போய் ஆகற காரியத்தப் பாருங்க. வாக்ஓவரை எழுதறதா வேண்டாமாங்கறத நான் பாத்துக்கறேன்," என்று அனுப்பிவைத்தேன். தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, கையில் ஒன்றும் இல்லை.

கெஸ்ட் ஹவுஸில்

மில் கெஸ்ட் ஹவுஸில் கமிட்டி கூடியது. சேர்மன் நடுவில். மெட்ராஸ் டீம் மேனேஜர் வரதன் எனக்கு எதிரே. நல்ல மனுஷன், பழைய ஆட்டக்காரர், ஆனால் ரூல் என்றால் சுண்ணாம்பு தடவாத வெற்றிலை மாதிரி காரம்.

"சார், அந்தப் பெரியவர் மேல எனக்கும் மரியாதை இருக்கு," என்று தொடங்கினார் வரதன். "ஆனா உங்க ரூல்படி மழை பெஞ்சா தள்ளிவைக்கலாம். அரசாங்கம் துக்கம் அறிவிச்சா தள்ளிவைக்கலாம். இப்ப ரெண்டும் இல்ல. என் பசங்க திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல இருக்கணும். ஞாயித்துக்கிழமை ஃபைனலைத் தள்ள முடியுமா? முடியாது. அப்ப இதை எங்க தள்ளுவீங்க?"

கேள்வி நியாயமானது. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேடியத்தை ஒரு பள்ளிக்கூட விழாவுக்குக் கொடுத்திருந்தார்கள். மத்தியானமே பந்தல்காரர்கள் வந்துவிடுவார்கள். ஸ்டேடியத்தில் அப்போது ஃப்ளட் லைட்டும் இல்லை.

கமிட்டியில் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எதுக்குங்க வம்பு? இவிங்களுக்கு நிறுத்துனா நாளைக்கு அவிங்க கேப்பாங்க, நாளான்னைக்கு இன்னொருத்தர் கேப்பாங்க," என்றார். ஊரில் மதத்தின் பேரில் ஒரு புகைச்சல் மெல்லக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. "வம்பு" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தால் நிற்காத கோபம்.

"கேக்கட்டுமேங்க. கேட்டா அவிங்களுக்கும் நிறுத்துவோம். போன வருசம் சாமி போனப்ப ரெண்டு நாள் நிறுத்துனமே, அப்ப இந்த ரூலு எங்கீங்க போயிருந்துச்சு? மாமியார் ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடமுங்களா?"

சம்பளம் கொடுக்கும் முதலாளி முன்னால், அவருடைய குருவை இழுத்துப் பேசிவிட்டேன். ஆனால் முன்வைத்த காலைப் பின்வைக்க மனசு வரவில்லை.

"ஐயா, நம்ம ஊர்கள்ல ஒரு வழக்கம் இருக்குதுங்க. ஊருக்குள்ள பொணம் கெடந்தா கோயில் நடை சாத்திருவாங்க. எடுத்துட்டுப் போற வரைக்கும் சாமிக்கே பூசை இல்ல. தேரே நகராம நிக்குது, பந்து மட்டும் நகரோணுமுங்களா?"

சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலப் பேசினார்.

"எங்கூர்ல ஒருக்கா நோம்பி. தேர்வடத்தப் புடிச்சு ஒரு சுத்து வந்தாச்சு. அப்பத்தான் சேதி வந்துச்சு. வடத்தக் கீழ போட்டுட்டு எல்லாரும் அப்படியே ஊட்டுக்குப் போயிட்டோம். தேரு நடுவீதில நின்னுச்சு. செத்தது யாருன்னு இப்பக்கூட எனக்குத் தெரியாது. அன்னைக்கும் நாங்க கேக்கல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "செரி, நிறுத்தலாம். அப்பறம் எப்ப வெப்பே?"

"சனிக்கிழம காலைலீங்க."

"காலங்காத்தால பந்து பாக்க எவன்யா வருவான், பால்காரனா?"

கமிட்டி சிரித்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. சாயங்கால ஆட்டத்துக்கு வருகிறவர்கள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்தவர்கள். செகண்ட் ஷிஃப்ட்காரர்கள் அந்த நேரத்தில் மிஷினுக்கு முன்னால் நிற்பார்கள். 'எங்களுக்கு மட்டும் ஆட்டமே இல்லையா' என்று ஒவ்வொரு வருஷமும் என் ஜன்னலில் வந்து சண்டை போடுகிறவர்கள் அவர்கள்தான். காலையில் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். மூன்றாம் ஷிஃப்ட்காரர்கள் ஏழு மணிச் சங்கு ஊதியதும் வெளியே வருவார்கள்.

"மில்லுக சங்கு ஊதி முக்கா மணி நேரம் கழிச்சு கிக்-ஆஃப் வெச்சுக்கலாமுங்க. வெயிலும் ஏறாது."

வரதனிடம் திரும்பி, "சனி காலைல ஆடுனா ஃபைனலுக்கு முன்னால உங்க பசங்களுக்கு ஒரு முழு ராத்திரியும் மறுநாள் பகலும் ரெஸ்ட் இருக்குங்க. தோத்தா மத்தியான வண்டியப் புடிச்சறலாம்," என்றேன்.

"தோக்கறதைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம்," என்றார் வரதன். ஆனால் யோசித்தார். "என் பசங்க காலைல இட்லி சாப்ட்டா ஓட மாட்டாங்க. அதான் பிரச்சினை."

"அப்ப இட்லி ஆட்டத்துக்கு அப்பறம் போடறோமுங்க."

"சரி. ஆனா எழுதி வச்சுக்குங்க, நான் இறங்கி வந்தது மரியாதைக்காக. ரூலுக்காக இல்ல."

சேர்மன் எழுந்துகொண்டே சொன்னார்: "ஆளு வராட்டி என்ன பண்றே பழனிச்சாமி?"

"வராட்டி இந்த செக்ரட்டரி வேலைய வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க ஐயா."

"குடுத்துருவேன்," என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை.

உக்கடத்தில் மைக் ஆட்டோ

அன்று எனக்கு ரெண்டு வேலை. முதல் வேலை, தெரிந்த டைம் ஆபீஸ்களுக்கெல்லாம் போன் போட்டு கேட்டில் போர்டு எழுதச் சொன்னேன். டைம் ஆபீஸ்காரர்களுக்குள் ஒரு ஒற்றுமை உண்டு. எல்லாரும் எல்லாரிடமும் திட்டு வாங்குகிற ஜாதி. ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை.

ரெண்டாவது வேலை, மைக் கட்டிய ஆட்டோவோடு உக்கடம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுகொண்டேன். வெளியூரிலிருந்து ஆட்டம் பார்க்க வருகிறவர்களை ஸ்டேடியம் வரை நடக்கவிட்டுத் திருப்பி அனுப்பினால் அடிதடிதான் நடக்கும். பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். இன்றைய டிக்கெட் நாளைக் காலையும் செல்லும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்கின ஒருவர் நேராக என்னிடம் வந்தார். "ஏனுங்க, தேங்கா காயப்போட்டத அப்படியே உட்டுப்போட்டு வந்திருக்கறனுங்க. என்னாச்சுங்க?"

சொன்னேன்.

"சாவுங்களா? செரி, அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்க. தங்கச்சி ஊடு இங்கதான் இருக்குது, படுத்திருந்துட்டு காலைல வாரேனுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் அவரைப் போல இல்லை. ஒரு ஆள், "அவுங்களுக்கெல்லாமா ஆட்டத்த நிறுத்துவீங்க?" என்று சத்தம் போட்டான். நான் மைக்கை அணைத்துவிட்டு அவனிடம் சொன்னேன். "போன வருசம் சாமிக்கு நிறுத்துனப்ப இதே எடத்துல நின்னு மைக்குல சொன்னேன். இதா, இந்த டீக்கடை பாயி அன்னைக்கு என்ன கேட்டாரு தெரியுமா? ஒண்ணுமே கேக்கல. வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தாரு." அவன் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தான்.

அசர் தொழுகை முடிந்ததும் ஜனாஸா அந்த வழியாக வந்தது. பஸ்கள் நின்றன. தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். முன் பக்கம் ஜாபரின் தோள். அவனுக்குப் பின்னால், தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, செந்தில். இந்த நேரத்தில் இவர்களை ஆட்டத்துக்கு வராதவர்கள் என்று சொல்லி ரெஃப்ரி விசில் ஊதியிருப்பார் என்று நினைத்தபோது, யார் என்ன சொன்னாலும் நான் செய்தது சரி என்று உறுதியானது.

சங்கு ஊதிய பிறகு

சனிக்கிழமை காலை ஸ்டேடியத்துக்குப் போனபோது கேலரியில் காக்கைதான் உட்கார்ந்திருந்தது. கோடு போடுகிறவர் சுண்ணாம்பு வாளியோடு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உக்கடத்துப் பையன்கள் வந்துவிட்டார்கள், கண்கள் வீங்கியிருந்தன. மெட்ராஸ் டீம் வெறும் வயிற்றோடு வார்ம்-அப் செய்துகொண்டிருந்தது.

சேர்மன் கார் வந்தது. டிரைவர் டிக்கியைத் திறந்து பெரிய குத்துவிளக்கைத் தூக்கினார். பின்னால் ஆளுயர ரோஜா மாலை. செய்வது என்று முடிவெடுத்துவிட்டால் எங்கள் சேர்மன் குறை வைக்க மாட்டார். போன வருஷம் சுவாமிகளுக்குச் செய்தது எதுவும் குறையக் கூடாது என்று வீட்டு விளக்கையே கொண்டுவந்துவிட்டார்.

"தம்பி, ஹஜ்ரத் ஐயா போட்டோ ஒண்ணு குடுப்பா," என்றார் ஜாபரிடம்.

ஜாபர் என்னைப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் யாருமே இதை யோசித்திருக்கவில்லை.

"அவரு போட்டோ எடுக்க உட்டதே இல்லீங்க," என்றான் ஜாபர், மெதுவாக. "எங்கள்ல வெளக்கு, மால எல்லாம் வெக்கறதில்லீங்க ஐயா. நீங்க கொண்டாந்ததே எங்களுக்குப் பெருசுங்க."

சேர்மன் திகைத்து நின்றார். "அப்ப எப்படிப்பா மரியாத பண்றது?"

"எல்லாரும் சித்த நேரம் கம்முனு நின்னாப் போதுமுங்க."

விளக்கு காருக்குள் திரும்பிப் போனது. மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டம் முடியும்வரை அவர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது தூரத்தில் ஒரு மில் சங்கு ஊதியது. அடுத்து இன்னொன்று. எனக்குப் பழகின சத்தம்தான். ஆனால் அன்று மட்டும் நான் கேட்டைப் பார்த்தபடியே நின்றேன். முதலில் ஒன்றிரண்டு சைக்கிள்கள். பிறகு பத்து, இருபது. பிறகு ரோடு தெரியவில்லை. மூன்றாம் ஷிஃப்ட் ஆட்கள், தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, டிபன் கேரியர் ஹேண்டில் பாரில் ஆட, அப்படியே வந்தார்கள். செகண்ட் ஷிஃப்ட்காரர்கள் மனைவி, குழந்தைகளோடு வந்தார்கள். பெண்கள் அவ்வளவு பேரை எங்கள் கேலரியில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஹஜ்ரத்திடம் நெற்றியைக் காட்டிய குழந்தைகள் அவர்களில் எத்தனை என்று யாருக்குத் தெரியும். காக்கைக்கு உட்கார இடமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சுண்ணாம்புக் கோட்டைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ரெண்டு டீமும் சென்டர் சர்க்கிளைச் சுற்றி நின்றன. ரெஃப்ரி கை தூக்கினார். அவ்வளவு பெரிய கூட்டம் எழுந்து, மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் நின்றது. வரதன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

பிறகு ஆட்டம். மெட்ராஸ்காரர்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக அவர்களை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். பாவம் பார்த்து ஆடியிருந்தால் அதுவும் ஒரு வாக்ஓவர்தான். அவர்கள் கார்னரில் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு ஜாபர் தலையால் முட்டித் திருப்பினான். கேலரியின் பலகைகள் உடைந்துவிடும் என்று பயந்தேன். செந்தில் மூன்று நாலு பந்துகளைப் பாய்ந்து பிடித்தான், அவை எப்படி உள்ளே போகவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. கடைசியில், ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், அவன் கைக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பந்து போய்விட்டது. ரெண்டுக்கு ஒன்று. உக்கடம் தோற்றது.

"அடுத்த வருஷ ரூல்ல ஒரு வரி சேத்துடுங்க சார்," என்றார் வரதன், இட்லித் தட்டோடு. சேர்த்தோம். ஊர் மதிக்கும் எந்தப் பெரியவர் மறைந்தாலும் ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்று எழுதினோம். எந்த மதம் என்று எழுதவில்லை. அந்த வரியை எழுதும்போது கமிட்டியில் யாரும் "வம்பு" என்று சொல்லவில்லை. செக்ரட்டரி வேலையும் என்னிடமே இருந்தது.

அன்று ஆட்டம் முடிந்ததும் உக்கடத்துப் பையன்கள் கேலரிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். செந்தில் முழங்காலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தான். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று போனேன். எனக்கு அதெல்லாம் வராது. "கடைசி வரைக்கும் நின்னீங்கப்பா," என்று ஏதோ சொன்னேன்.

ஜாபர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே நிமிர்ந்தான். அவன் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

"வருத்தமாத்தான் இருக்குதுங்கண்ணா. ஆனா ஆடித்தானுங்க தோத்தோம்."

தம்பிகளே, நீங்களும் டோர்னமென்ட் நடத்துவீர்கள். ஒரு டீமை ஜெயிக்கவைப்பது செக்ரட்டரியின் வேலை இல்லை. யாரையும் ஆடாமல் தோற்கவிடாதீர்கள், அது போதும்.